எத்திராஜின் கையும் ரஷ்யப் புத்தகமும்
ஃபியூஸைப் பிடுங்கியாகிவிட்டது. அம்பத்தூர் பட்டறையே நின்றுபோய், தகரக் கூரையில் காக்கை நடப்பது இடிபோலக் கேட்கிறது. ரஷ்யாவிலிருந்து வந்த பிரஸ் மெஷினின் தாடைக்குள் எத்திராஜின் வலதுகை. கையுறையோடு இறுகச் சிக்கியிருக்கிறது, விரல்கள் இன்னும் முழுசாக இருக்கின்றன. பக்கத்தில் இரண்டு கைப்பிடிகள்: ஒன்று தாடையைத் திறக்கும், மற்றது விரல்களை அப்பளமாக்கும். எது எதுவென்று மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்துக்குத்தான் தெரியும். எருமை மேல் விழுந்தால் எருமை பிழைக்காத அந்தப் புத்தகத்தை, சூப்பர்வைசர் பக்தவத்சலம் எத்திராஜின் மூக்குக்கு நேரே பிடித்துப் புரட்டுகிறார். முன்னால் பொருளடக்கமே இல்லை. அவர் நெற்றி வேர்வையில், சத்தியமாக, அயனம்பாக்கம் ஏரி நிரம்பிவிடும். “இன்னா சார், கதை படிச்சுகினு கீறியா?” என்கிறான் எத்திராஜ். “சும்மா இருடா, இப்பதான் எண்ணெய் ஊத்துற எடத்துக்கு வந்துகீறேன்.” அவர் பிடியிலிருந்து பின்னட்டை நழுவித் தொங்குகிறது. எத்திராஜின் கண் அதிலேயே நிலைக்கிறது. “சார், திருப்பு! லிஸ்ட்ட ரஷ்யாக்காரன் கடைசில வச்சுகீறான்! எமர்ஜென்சி ரிலீஸ், பேஜ் முந்நூத்திப் பத்து!” அந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது: மேல்பிடி, இடப்பக்கம் தள்ளவும். பக்தவத்சலம் தள்ளுகிறார். தாடை பெருமூச்சு விட்டுத் திறக்கிறது. எத்திராஜ் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்க்கிறான். பிறகு பக்தவத்சலத்தின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, அதே கையால் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதுகிறான்: “பொருளடக்கம் பின்னால கீது.”