தடிச்ச குரல்காரன்

“அதான் அண்ணே, நாலு கம்பி, தடிச்ச குரல். அந்தக் கிட்டாருக்கு ஒலியைக் கூட்டுற ஆம்ப் ஒண்ணு வேணும்.”

வாத்தியக் கடை ஜாந்தோஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். முப்பது வயதிருக்கும். தலையில் இறுக்கிக் கட்டிய துணி. அல்மாட்டி நகரத்துக்காரி இல்லை, வெளியூர் என்று அவளுடைய பூட்ஸில் ஒட்டியிருந்த சேறே சொன்னது.

“அந்தக் கிட்டாருக்கு ஒரு பேர் உண்டும்மா.”

“உண்டு அண்ணே.”

“என்ன பேரு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

ஜாந்தோஸ் சாதாரணக் கடைக்காரன் இல்லை. பெர்லினில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே என்ன செய்தான் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. ‘இந்த ஊர்ல உன்னை மாதிரி ஒருத்தன் உண்டாடா’ என்று அம்மா சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்ட கனம், அம்மா போன பிறகும் தலையை விட்டு இறங்கவில்லை. கிட்டார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல்களை நகைக்கடை மாதிரி கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருப்பான். இசை தெரியாத ஆள் என்று பட்டால் எதையும் விற்க மாட்டான். அதனால் சரக்கெல்லாம் வைத்தது வைத்தபடி பத்திரமாக இருந்தது.

“யாருக்கு? வீட்டுக்காரருக்கா?”

“எனக்குத்தான். பேரு சவ்லே. நாளைக்கு நவுரிஸ் புத்தாண்டு விழா, பெரிய மேடை. நாங்க அஞ்சு பொண்ணுங்க வாசிக்கிறோம். நேத்து ஒத்திகையில என் ஆம்ப் புகைஞ்சு போச்சு. இன்னிக்குள்ள வேற கிடைக்கலேன்னா எனக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுருவாங்களாம். மாமனார்தான் கூட்டிட்டு வந்தார். வண்டியை நிறுத்த இடம் தேடிட்டிருக்கார்.”

“அப்படியா? இதோ, சின்னதா ஒண்ணு இருக்கு. சமையல்கட்டுல வெச்சுக்கூட வாசிக்கலாம்.”

“திறந்தவெளிக்கு அது காணாது அண்ணே. டிரம்ஸ் ஏறிச்சுன்னா அமுங்கிடும். அந்த மூலையில வால்வு ஆம்ப் ஒண்ணு இருக்கே...”

ஜாந்தோஸுக்குச் சுருக்கென்றது. அவன் நெஞ்சிலேயே கை வைத்துவிட்டாள்.

“அது தெரிஞ்சவங்களுக்கு உள்ளது” என்றவன், அலமாரியிலிருந்து மூன்று பெடல்களை எடுத்துக் கம்பியில் கோத்தான். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான். “இந்தப் பெடல் போட்டா, ஒலியில மழை நனைச்ச மண்ணோட சோகம் வரும்...”

“சோகம் வேணாம் அண்ணே. பண்டிகை.”

சவ்லே சுவரில் தொங்கிய கிட்டார்களில் நாலு கம்பிக்காரனைச் சரியாக இறக்கினாள். மூன்று பெடல்களையும் பிடுங்கி ஓரமாக வைத்தாள். “இதெல்லாம் சேர்ந்தா அடிக்குரல் காணாமப் போயிடும்” என்று முணுமுணுத்தபடி நேராக வால்வு ஆம்பில் சொருகி, ஒரு திருகைப் பாதிக்குக் குறைத்து, வாசித்தாள்.

அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. கிண்ணத்துத் தேநீரில் வளையம் வளையமாக அலை ஓடியது. ஜாந்தோஸின் கண்கள் மூடிக்கொண்டன. இந்த முறை நடிப்பில்லை.

அவள் நிறுத்திய பிறகு அவன் கண்ணைத் திறக்கச் சற்று நேரமாயிற்று. திறந்ததும் பெர்லின் மிடுக்கு திரும்பி வந்துவிட்டது.

“வாசிக்கிறே. இல்லேங்கல. ஆனா கையில வெச்சிருக்கிறதோட பேரே தெரியாத ஆள்கிட்ட இந்த ஆம்பைத் தர என் மனசு ஒப்பல. ஒரே ஒரு தடவை சொல்லு. பாஸ் கிட்டார். இப்பவே தூக்கிட்டுப் போ.”

“பேர் தெரியும் அண்ணே.”

“அப்போ சொல்லு.”

அவள் முகம் சிவந்தது. ஆம்பைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். உதடு ஒருமுறை அசைந்தது.

“தடிச்ச குரல்காரன்...”

“பாஸ்!”

“வாயில வராது அண்ணே. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. ஸ்வரம் கேளுங்க, தாளம் கேளுங்க. சொல்றேன்.”

“நாளைக்கு மேடையே கைவிட்டுப் போயிடும்கறே. ஒரு வார்த்தை வரமாட்டேங்குதா?”

கிட்டாரைத் துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டினாள் சவ்லே. கண் கலங்கியிருந்தது. “போனாப் போகுது அண்ணே. வேற கடையில பார்க்கறேன்.”

வேறு கடையில் கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும். அந்தப் பிடிவாதம்தான் ஜாந்தோஸுக்குப் பொறுக்கவில்லை.

“அப்படி என்னம்மா கஷ்டம்? குழந்தைகூடச் சொல்லுமே! பாஸ்!” கடை அதிரக் கத்தினான். “பாஸ்! பாஸ்!”

“வர்றேன், வர்றேன்! யாருப்பா அது?” என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. கம்பளித் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஒரு பெரியவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். சவ்லே சட்டென்று ஒதுங்கி நின்று தலைகுனிந்தாள். “இவ மாமனாரைத்தானே கூப்பிட்டே? அதை முழுசா ‘பாஸ்பாய்’னு கூப்பிட்டா வாய் தேய்ஞ்சு போயிடுமா? வயசுக்கு ஒரு மரியாதை வேணாமா தம்பி?”

மாமனார் பேர் அல்மாபெக் என்ற ஒரே காரணத்துக்காக, அல்மாட்டியில் நாற்பது வருஷம் குடித்தனம் செய்தும் அந்த ஊர்ப் பேரை வாயில் எடுக்காமல் கடைசி மூச்சுவரை ‘இந்த ஊர்’ என்றே சொல்லிவிட்டுப் போன அம்மாவின் மகன், வாயை மூடிக்கொண்டு, அந்த வால்வு ஆம்பின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கினான்.