துணையுடன் மட்டும்

விமான நிலையத்தில், ஓடுபாதைக்குப் போகும் கதவில் காவல் நின்ற மரிசெல், ஜோமாரின் வெறும் சட்டையை முறைத்தாள்.

"இன்னிக்கும் பேட்ஜ் இல்லையா சார்?"

"வீட்லயே வச்சுட்டேன் மேடம்."

"தலையையும் அங்கேயே வச்சுட்டு வர வேண்டியதுதானே."

பேட்ஜ் இல்லாதவர் உள்ளே போனால் ஒரு காவலர் கூடவே போக வேண்டும், கண்ணை விட்டு மறைய விடக்கூடாது. அது விதி. அதனால் ஜோமார் விமானத்தில் பெட்டி ஏற்றிய இடமெல்லாம், மணிலா வெயிலில், மரிசெல் திட்டிக்கொண்டே கூட நடந்தாள். அவன் நீட்டிய பான்தேசல் ரொட்டியையும் திட்டிக்கொண்டே தின்றாள். இந்த வாரம் முழுக்க இதே கூத்து.

சாயங்காலம் சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டார். "நாளைக்கும் பேட்ஜை மறந்தா, வேலையையும் மறந்துடு."

மறுநாள் ஜோமார் வந்தான். நெஞ்சில் பேட்ஜ் தொங்கியது. முகமும் தொங்கியது.

"அப்பாடா. கழட்டிக் கொடுங்க, சரிபார்க்கணும்" என்று வாங்கிய மரிசெல், மேசைப் பக்கம் திரும்பிக் குனிந்தாள். ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"படத்துல இருக்கறது நீங்க இல்லையே சார்."

"நான்தான் மேடம்!"

"படத்துல மீசை இருக்கே."

"நான் பொறந்ததுலேர்ந்து மீசையே வச்சதில்ல..." என்று எட்டிப் பார்த்தான்.

படத்தில் அவன் மூக்குக்குக் கீழே முறுக்கு மீசை ஒன்று பளபளத்தது. மை இன்னும் காயவில்லை.

மரிசெல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினாள்.

"முகம் பொருந்தலைன்னா தனியா விட முடியாது. விதி. நட ஜோமார், ரொட்டி கொண்டுவந்தியா?"