ஜூஸ் கிளாஸில் நீலக்கோடு

“பொண்ணுக்கு என்ன வேலைன்னு புரோக்கர் சரியாச் சொல்லலையே?” என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா சோலையம்மாள்.

“தடயவியல் லேப்புல இருக்கேன் அத்தை. குடிக்கிறதுல யாராச்சும் மயக்க மருந்து கலந்திருந்தா கண்டுபிடிப்போம். முந்தியெல்லாம் நாள்கணக்கா ஆகும். இப்ப இந்த அட்டைய முக்குனா நிமிசத்துல நீலக்கோடு விழுந்துரும்” என்று கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள் சுபலட்சுமி.

வேலையை விடச் சொல்லாத முதல் வரன் இது. எப்படியாவது அமைந்துவிட வேண்டுமே என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

“எங்க, இதுல பாருங்க!” மாப்பிள்ளை அழகுபாண்டி இன்னும் வாய் வைக்காத தன் ஜூஸ் கிளாஸைச் சிரித்தபடி நீட்டினான்.

முக்கினாள். நீலக்கோடு பளிச்சென்று விழுந்தது.

சோலையம்மாள் எழுந்துவிட்டாள். “ஏன், என் மகனை மயக்கித்தான் பொண்ணைக் கட்டிவைக்கணுமா?”

அடுப்படியிலிருந்து சுபலட்சுமியின் அம்மா மாயக்காள் ஓடிவந்தாள்.

“ஐயோ மதினி, அது என்னோட தூக்க மாத்திரை. இந்த மனுசனுக்குப் போட்டது, கிளாஸ் மாறிப்போச்சு! வாயைத் தொறந்தாருன்னா வந்தவுகளை வம்புக்கு இழுத்துருவாரு. போன வரன் அதுலதான் போச்சு.”

“எனக்கா போட்ட?” என்று துள்ளினார் அப்பா மொக்கையன்.

சோலையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்து, மாயக்காளின் காதருகே குனிந்தாள். சொன்னது சுபலட்சுமிக்கும் கேட்டது.

“இவுகளுக்கெல்லாம் ஒண்ணு பத்தாது மதினி. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு போட்டுத்தான் கார்ல தூங்க வச்சிட்டு வந்திருக்கேன்.”