ஒரு மார்க் குறைவு

மேசையை மறுபடியும் ஆம்பளையாக்கி வைத்திருந்தார் பூட்டுக்காரர்.

சிவப்புப் பேனாவோடு டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். போர்ச்சுகீசில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். முதல் நாள் பாடம் அது. வெளிநாட்டு வேலைக்காகப் படிக்க வந்த நர்ஸ் பெண்கள் ரெண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். இந்த மனுஷனுக்கு மட்டும் ஒன்றரை வருஷமாக மண்டையில் ஏறவில்லை.

எப்பேர்ப்பட்ட பூட்டையும் ஒரு கம்பியை விட்டுத் திறந்துவிடுகிறவர்தான். ஆனால் நாலு தடவை பரீட்சை எழுதி, நாலு தடவையும் முப்பத்தொன்பது. பாஸுக்கு நாற்பது வேண்டும். அந்த ஒரு மார்க்குக்கும் அவருக்கும் அப்படி என்ன ஜென்மப் பகையோ.

டீச்சர் நடத்துவது அடிப்படை இலக்கணம் என்கிற ஒரே வகுப்பு. பாஸானால் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். ஃபெயிலானவர்கள் மட்டும் அடுத்த பேட்சில் திரும்பச் சேரலாம்.

பாவம், படிப்பில் அக்கறை இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. கடையைப் பூட்டிவிட்டு அரைமணி நேரம் முன்னாலேயே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். கடைசி ஆளாக எழுந்து, "நாளைக்குக் கிளாஸ் உண்டுல்ல டீச்சர்?" என்று தினமும் கேட்பார். வீட்டுக்குப் போனால் சுவரோடு பேச வேண்டிய டீச்சருக்கு அந்தக் கேள்வி மனசை என்னவோ செய்யும்.

போன வாரம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிற ஒலிப்பதிவைப் போட்டாள். நர்ஸ் பெண்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டு முழித்தார்கள். பூட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

"என்ன ஐயா, புரிஞ்சுதா?"

"கேக்க நல்லாருக்கு டீச்சர்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது அஞ்சாவது பரீட்சை. கூட்டிப் பார்த்தாள். அதே முப்பத்தொன்பது. அறுபது வயசு மனுஷனைச் சின்னப் பெண்கள் முன்னால் இன்னொரு தடவை தலைகுனிய வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பதினேழாவது பதிலுக்குப் போட்டிருந்த பெருக்கல் குறியை அடித்துவிட்டு டிக் போட்டாள். நாற்பது. யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

மறுநாள் சாயங்காலம் பேப்பரைக் கொடுத்துவிட்டு, "ஐயா பாஸ்" என்றாள். நர்ஸ் பெண்கள் கைதட்டினார்கள். பூட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

எல்லோரும் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், கூட்டல்ல ஏதோ தப்பு நடந்திருக்கு."

"இல்லைங்க ஐயா, நாப்பதுதான். சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

"முப்பத்தொம்பதுதான் வரணும். இந்தப் பதினேழாவதைப் பாருங்க. நான் எழுதினது தப்பு. நீங்க டிக் போட்டிருக்கீங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. சரியான பதிலைப் போர்ச்சுகீசிலேயே சொன்னார். எங்கேயும் தட்டாமல், தடுமாறாமல், இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் டீச்சருக்கே வராத ஒரு இழுப்போடு சொன்னார்.

டீச்சர் பதினேழாவது பதிலைத் திரும்பப் பார்த்தாள்.

"தெரிஞ்சேவா தப்பா எழுதினீங்க? அஞ்சு தடவையும்?"

அவர் திருட்டுத்தனம் பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாஸாயிட்டா இங்க வர விடமாட்டீங்களே. அந்த டிக்கை அடிச்சுடுங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இவ்வளவு நல்லாப் பேசறவருக்கு இந்த வகுப்புல என்னங்க ஐயா வேலை?"

பூட்டுக்காரர் பேப்பரை நாலாக மடித்தார். திரும்பப் பிரித்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும், என் வீட்டுக்காரி என்னைத் திட்டினது இந்தப் பாஷையிலதான் டீச்சர்."