இரண்டு மணித்தியாலப் பயணம்

மகளின் காய்ச்சலுக்கு மருந்து கொழும்பில்தான் இருந்தது. நாலு நாளுக்குள் ஏற்றவேண்டும் என்றார் டொக்டர். பலாலியில் சனம் பிளேன் ஏறிய காலத்தில் கொழும்புக்கு ஒரு மணித்தியாலம். இப்போது, தொண்ணூற்று மூன்றில், சண்டையால் பாதையெல்லாம் அடைபட்டு, கிளாலிக் கடலில் வள்ளம் ஏறிப் போக மூன்று நாள், வர மூன்று நாள். எந்தப் பேரத்துக்கும் படியாத கணக்கு. ஆனாலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புடவைக்கடை வைத்திருந்த இராசநாயகம் காலையில் வெளிக்கிட்டார்.

வாசல் படலையடியில் பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து, "எங்கை அண்ணை பயணம்?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

"நாசமாப் போச்சு, சகுனத்தைக் கெடுத்திட்டாய்!"

திரும்பி வந்து, கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, மறுபடி புறப்பட்டார்.

அன்று மத்தியானமே மருந்தோடு வந்து நின்றார். உடுப்பில் ஒரு தூசி இல்லை.

"என்னெண்டு இவ்வளவு கெதியா?" என்றாள் மனைவி அருந்ததி.

"பிளேனிலை. போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம்."

"நல்ல காலம், திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுப் போனியள்."

"நான் எப்ப திரும்பினனான்?"

அருந்ததி மருந்தை வாங்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடினாள். மருந்து ஏறியது. மகள் எழும்பி இருந்து சோறு கேட்டாள்.

ஆறாம் நாள் படலை திறந்தது. சேறு காய்ந்த சாரமும் தாடியுமாய் இராசநாயகம் நின்றார், கையில் அதே மருந்து.

"பிள்ளை இருக்கிறாளோ?" என்றார்.

உள்ளே கதிரையில் இருந்த இராசநாயகம் எழும்பி, பையை எடுத்துக்கொண்டு பின்வாசலால் நடந்தார். 'எங்கை பயணம்?' என்ற கேள்வி அருந்ததியின் தொண்டைவரை வந்தது. கேட்டால் திரும்பி வந்து இருந்துவிடுவார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.