மாப்பிள்ளை நடந்து காட்டணும்

"மாப்ள, வாசப்படியிலேர்ந்து இந்த சோபா வரைக்கும் கொஞ்சம் நடந்து காட்டுங்க லா."

பெண்ணைத்தான் நடக்கச் சொல்வார்கள், பாடச் சொல்வார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை நடக்கச் சொன்னது புக்கிட் ரோத்தானில் இதுதான் முதல் தடவையாக இருக்கும். சொன்னவர் பெண்ணின் அப்பா நல்லசாமி. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். ஆளை நிறுத்தி வைத்து எடைபோடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

சத்தியசீலன் எழுந்தான். வேறு வழி? வாரா வாரம் டிவி காமெடியில் கையை மடக்கி, இடுப்பை ஒடித்து, ஆம்பளைகளைக் கண்டால் வழிந்து, "ஏய்... போங்க!" என்று சிணுங்குகிற 'ரோஸ் குமார்' அவன்தான். நண்டு சிண்டிலிருந்து கிழவர்கள்வரை அவனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆனால், பெண் கொடுக்க மட்டும் ஒருவரும் முன்வருவதில்லை. பத்தாங் காலியில் ஒரு வீட்டில் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிஜத்தில் அப்படி ஓர் ஆளை அவன் சந்தித்ததே இல்லை. வேறொரு காமெடியைப் பார்த்துத்தான் அந்த நடையைக் கற்றுக்கொண்டான். அந்தக் காமெடிக்காரர் யாரைப் பார்த்துக் கற்றாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தரை அதிர நடந்தான்.

"ம், பரவால்ல. டிவியில நடக்குற மாதிரி இல்ல."

"அது வயித்துப் பாட்டுக்குண்ணே. எம்மவன் சொக்கத் தங்கம்," என்றாள் சத்தியசீலனின் அம்மா இராஜம்மா.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நாலு பேரு கேப்பாங்கல்ல? எம்மவ வர்ற மாப்பிள்ளைய எல்லாம் வேணாம் வேணாம்னு தட்டிக்கிட்டே இருந்தா. இவர டிவியில பாத்துட்டு, கட்டுனா இவரத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. எங்கெங்கயோ விசாரிச்சு உங்க நம்பர வாங்குனதே இந்தத் திலகாப் பொண்ணுதான்."

திலகா, பெண் தனேஸ்வரியின் தோழி. சுங்கை பெசாரில் இருவரும் ஒரே பாலர் பள்ளியில் ஆசிரியைகள். பல வருடமாக ஒரே வாடகை வீடு.

சத்தியசீலனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது. வேஷத்துக்குள் இருக்கும் ஆம்பளையை ஒருத்தியாவது கண்டுகொண்டாளே! போதாததற்கு, தனேஸ்வரியைப் பார்த்ததுமே அவனுக்குப் பிடித்துவிட்டது. இந்த இடமும் கைநழுவினால் அவனால் தாங்க முடியாது.

அவன் நடந்து முடித்தபோது அவள் முகம் ஏனோ சுருங்கியது. வெட்கம் என்று நினைத்துக்கொண்டான்.

நல்லசாமி அத்தோடு விடவில்லை. எல்லோரையும் வாசலுக்கு அழைத்து வந்தார். அங்கே எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலை ஏற்றிய அவருடைய லோரி நின்றது.

"கீழ ஒரு குலை கெடக்கு பாருங்க. தூக்கி மேல போடுங்க, பாப்போம்."

புதுச் சட்டை பாழானால் ஆகட்டும் என்று குனிந்து தூக்கினான். முள் உள்ளங்கையில் சுருக்கென்று ஏறியது.

"ஐய்யே... ம்மா!"

அச்சு அசல் ரோஸ் குமாரின் குரல். கூடவே மணிக்கட்டும் தானாக மடங்கிக்கொண்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். டிவிப் பழக்கமும் அப்படித்தான் போலிருக்கிறது. இராஜம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நல்லசாமியின் புருவம் ஏறியது. தனேஸ்வரியின் முகம் மட்டும் பளிச்சென்று மலர்ந்தது. திலகாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவள் கையை அழுத்தியதை மட்டும் கவனித்த சத்தியசீலன், எனக்கு வலித்தால் இவளுக்குத் துடிக்கிறதே என்று உருகிப் போனான். யானை பலம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு குலையை லோரிக்குள் எறிந்தான்.

"இன்னும் இருக்கா மாமா?" என்று அடித்தொண்டையில் கேட்டான்.

நல்லசாமி அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "போதும் மாப்ள! எனக்குச் சம்மதம். ரெண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால போயி பேசிட்டு வாங்க. திலகா, நீயும் கூடப் போம்மா."

ரம்புத்தான் மரத்தடியில் தனேஸ்வரி தலை குனிந்து நின்றாள். திலகா சற்றுத் தள்ளி நின்றாள்.

"ஒன்னு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க," என்றாள் தனேஸ்வரி. "நெஜமாவே நீங்க அந்த மாதிரி இல்லையா?"

"ஐயோ, இல்லவே இல்லங்க! எங்கம்மா மேல சத்தியம்."

"கொஞ்சம்கூடவா?"

"ஒரு துளிகூட இல்ல. எல்லாம் வெறும் நடிப்பு. நீங்க பயப்படவே வேணாம்."

தனேஸ்வரி பெருமூச்சு விட்டாள். "திலா, வா. எல்லாம் போச்சு லா."

திலகா வந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

சத்தியசீலனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க போச்சு? நல்ல விஷயந்தானே சொன்னேன்?"

"உங்களுக்கு நல்ல விஷயம். எங்களுக்கு?" என்றாள் திலகா. "ஊருக்கு நீங்க மாப்பிள்ளை, வீட்டுக்குள்ள உங்க வழி உங்களுக்கு, எங்க வழி எங்களுக்குன்னு உங்ககிட்ட பேசி முடிச்சுக்கலாம்னு இருந்தோம்."

தனேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த மாதிரி இருக்குற நாங்களே டிவியப் பாத்து நம்பிட்டோமே, எங்கப்பாவ என்னத்தச் சொல்ல!"