ஆறாவது வீடு

குழாயில் தண்ணீர் ஏறாத இந்த வியாசர்பாடி வீட்டைவிட்டுப் போயே தீருவது என்று என் மனைவி ஸ்டெல்லா முடிவு கட்டிவிட்டாள். வாடகை, தண்ணீர், காற்று, ரயிலடி என்று நான்கையும் வீடு தேடித் தரும் பேசும் பெட்டியிடம் சொன்னாள். நான்கிலும் இன்னொரு வீட்டிடம் தோற்கிற வீட்டை அது காட்டாது. நகரம் முழுக்கச் சலித்து ஐந்தை மிச்சம் வைத்தது. எங்கள் வீடு முதலிலேயே அடிபட்டுப் போனது.

ஐந்துமே தொலைவு. பக்கத்து வீட்டு கஃபூர் பாயோடு பதினெட்டு வருஷமாக ஆடும் கேரம் இனி அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை ஸ்டெல்லா திட்டாத நாளில்லை. நான் கேரம் போர்டை எடுத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தேன்.

"இன்னொண்ணு சேத்துக்கோ," என்றாள் பெட்டியிடம். "கஃபூர் பாய் வூட்டுக்கு எவ்ளோ தூரம்னு."

"தூரம் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா?" என்றது பெட்டி.

நான் ஸ்டெல்லாவின் வாயையே பார்த்தேன்.

"கொறஞ்சாத்தான்," என்றாள்.

ஆறாவதாக ஒரு வீடு வந்தது. எங்கள் வீடு! பாய் வீட்டுக்கு அதைவிடக் கிட்டத்தில் வேறு எது?

"தண்ணி ஏறாதே, ஸ்டெல்லா?"

"பாயும் நீயும் காலைல ஆளுக்கு நாலு கொடம் தூக்கினு வந்து வையுங்க. அப்பால போர்டுல கைய வையுங்க."